பழுதாகாத மிஷின்

எங்கள் பயிலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை முதலாளி சின்னப்பராஜ் சார் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அவர் கதையில் அவரே வீரர். சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார். நான் சொல்லப்போவதில் வீரம் ஒன்றும் கிடையாது. கெடவே மாட்டேன் என்று அடம்பிடித்து என் உயிரை வாங்கிய ஒரு மிஷின் மட்டும் உண்டு.

நான் இசபெல்லா. தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், மாடியில், டைப்ரைட்டிங் சொல்லித்தருகிறவள். வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி என் அம்மா மதலேனம்மாள் கோயில் வாசலில் பார்க்கிற எல்லோரிடமும் பேசிவிடுவதால் நான் தனியாகப் பேசவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். பழைய டைப்ரைட்டர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினால் யாருக்கும் வாய் நீளும்.

எண்பத்தெட்டாம் வருஷம் அடுத்த தெருப் பயிலகத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். சார் ஒரு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு விலை கேட்டார். கேட்ட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. உதிரி உதிரியாகப் பாகம் வாங்கி மாட்டிக்கொண்டால் பாதி விலையில் முடியும் என்று யாரோ சொல்ல, மாரண்டஹள்ளியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த அர்ச்சுனனுக்கு ஆள் அனுப்பினார். அவர் பெங்களூரில் சில வருஷம் இந்த வேலை பழகியவர்.

அர்ச்சுனன் வந்தார். பார்த்ததும் மயங்குகிற ஆள் இல்லை, நானும் மயங்கவில்லை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர் இருந்தது. எதையும் தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பார். சார் எடுத்த எடுப்பில் "என்ன ஆவும்பா?" என்று விலையைக் கேட்டார். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் "யாருங்க உக்காரப் போறது?" என்று கேட்டார். அந்த மாடியில் யார் உட்காருகிறார்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

கரும்பலகையில் சாக்பீஸால் மூன்று பெட்டி வரைந்தார்.

"மூணு தினுசா பண்ணலாங்க. மொதலாவது, கம்மி காசு. ஒரு பிளாப்பி டிரைவ், கொஞ்சூண்டு மெமரி, பச்சை எழுத்து தெரியற டிவி. வெச்சு ஓட்டலாம். ரெண்டாவதுல ரெண்டு டிரைவ், மெமரி முழுசாப் போட்டுடலாம். மூணாவதுல ஹார்ட் டிஸ்க் வருங்க. பிளாப்பிய மாத்தி மாத்திச் சொருவ வேண்டியதில்ல, எல்லாம் உள்ளயே தங்கிடும்."

"மூணுக்கும் மூளை ஒன்னுதானா?" என்றார் சார்.

"மூளை ஒன்னுதாங்க. ஞாபகம்தான் வேற வேற."

"அப்ப எம் பொண்டாட்டி மூணாவது தினுசு. கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா சொன்னத இன்னும் உள்ளயே வெச்சிருக்கறா."

நான் சிரித்துவிட்டேன். அர்ச்சுனன் சிரிக்கவில்லை, நான் சிரித்து முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. "நீதானம்மா உக்காரப்போற. எது வேணும்னு நீயே பேசி முடி. வெலைய நான் பாத்துக்கறேன்" என்று கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அர்ச்சுனனின் கடைக்கு விடுமுறை. அந்த மாதம் வியாழன்தோறும் பஸ் ஏறி வந்தார். எந்தப் பாகம் எதற்கு என்று எனக்குச் சொல்லித்தந்தார். மலிவான பவர் சப்ளை தர்மபுரி கரண்டுக்கு ஒரு கோடை தாங்காது என்றார். பச்சைத் திரையைவிட மஞ்சள் திரை கண்ணை உறுத்தாது என்றார். எண்ண வேண்டிய இடம் வந்தால் மட்டும் "ஒந்து, எரடு, மூறு" என்று கன்னடத்துக்குப் போய்விடுவார். பெங்களூர்க் கடையில் பழகிய பழக்கம். ஏன் என்று கேட்டேன். "தமிழ்ல எண்ணுனா நடுவுல நெனப்பு வேற எங்கயோ போயிடுதுங்க டீச்சர்" என்றார். எங்கே போகிறது என்று கேட்க என் நீளமான வாய்க்கு அன்றைக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மூன்று கீபோர்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரரிடம் கெஞ்சிக் கடன் வாங்கி வந்தாராம், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக.

"மத்ததெல்லாம் நான் பாத்து வாங்கிடுவேன். இது மட்டும் உங்க வெரலுக்கு ஒத்து வரணும். அடிச்சுப் பாருங்க."

எதனோடும் இணைக்காத கீபோர்டு. அடித்தால் தாளில் விழாது, திரையில் தெரியாது. முதலாவது பஞ்சில் விரல் வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது ஒவ்வொரு எழுத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் சொல்லிவிட்டு விரலை மேலே தூக்கிவிட்டது. எட்டு வருஷமாக இரும்பைக் குத்திக்கொண்டிருந்த விரல்களுக்கு அது என்னவோபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறைய அடிச்சீங்க. என்னா அடிச்சீங்க?" என்றார்.

"சும்மா. ஏதோ."

அவர் பெயரைத்தான் அடித்தேன். ஆங்கில எழுத்தில், திரும்பத் திரும்ப. எங்கும் பதியாது என்ற தைரியத்தில் அடித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. "இந்தக் கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, வேணாம், விலை ஜாஸ்தி" என்று சொல்லிச் செய்தித்தாளில் நானே சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மாடிக்கு ஒரு சட்டம் உண்டு. பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற இடம், வேலையில்லாத ஆம்பளை படியேறக் கூடாது. சார் போட்ட சட்டம், நானே பல பேரை விரட்டியிருக்கிறேன். பாகம் பேசி முடித்து மிஷினை மாட்டிக் கொடுத்துவிட்டால் அர்ச்சுனனும் வேலையில்லாத ஆம்பளை. வெளியில் நின்று பேசலாம் என்றால், தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒரு பெண் ஓர் ஆணோடு நின்று பேசினால் அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் அவர் வீட்டில் மாரியம்மன், என் வீட்டில் மாதா. அவரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரே வழி மிஷின் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே முதல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஆகக் குறைந்த காசு, ஆக மட்டமான பாகம். உள்ளே அட்டைகள் சொருக வேண்டிய இடங்கள் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். ஒவ்வொரு காலி இடமும் பிற்பாடு அவர் ஒருமுறை வந்துபோக ஆகும். மெமரி போட ஒருமுறை, இன்னொரு டிரைவ் மாட்ட ஒருமுறை. கோடையில் பவர் சப்ளை புகைந்தால் உடனே ஒருமுறை. நான் கணக்கில் கெட்டிக்காரி.

சாரிடம் சொன்னதும் அவருக்கு என்மேல் மதிப்பு உயர்ந்துவிட்டது. "சிக்கனம்னா உங்கிட்டத்தான் கத்துக்கணும்" என்றார். அர்ச்சுனனிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துபோயிற்று.

"அது வேணாங்க டீச்சர். அது அடிக்கடி படுத்தும்."

"படுத்தட்டும்."

"நீங்கதான் கஷ்டப்படுவீங்க. டைப்ரைட்டர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிச் சொல்லி அனுப்பி அலுத்துப் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப மட்டமானதே போதும்னும் சொல்றேன்."

அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். இந்த ஆளுக்கு மிஷினைத் தவிர எதுவும் புரியாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

விலை பேசுகிற நாள் வந்தது. சின்னப்பராஜ் சார் நல்லம்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சோடு வளர்ந்தவர். மாடு வாங்குவதென்றாலும் சரி, மேசை வாங்குவதென்றாலும் சரி, சந்தை வழக்கம்தான். கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். அடுத்த தெருக்காரன் காதுக்கு விலை போகக் கூடாது என்பது ஒரு காரணம். வாயால் விலை சொல்வது அவருக்குக் கூச்சம் என்பது இன்னொன்று. தோளில் கிடந்த துண்டை எடுத்து அர்ச்சுனன் கைமேல் போட்டார். துண்டுக்குள் இரண்டு கைகளும் நெளிந்தன. சார் தலையை ஆட்டுவார், அர்ச்சுனன் உதட்டைக் கடிப்பார், மறுபடி நெளியும். பிள்ளைகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைசியில் சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "முடிஞ்சுது" என்றார். முதல் பெட்டிதான் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

தை பிறந்து ஒரு வியாழக்கிழமை மிஷின் வந்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் போனதும் பிள்ளைகள் திரைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தார்கள். அர்ச்சுனன் மூடியைக் கழற்றி உள்ளே ஏதோ அழுத்திவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். காலி இடம் ஒன்றுகூட இல்லை. மெமரி முழுசு. டிரைவ் இரண்டு. ஹார்ட் டிஸ்க். மஞ்சள் திரை. கனமான பவர் சப்ளை. மேசைமேல் அதே 'டக்' கீபோர்டு.

"பாத்தியாம்மா?" என்று சார் மீசையைத் தடவினார். "மொதப் பெட்டி வெலைக்கு மூணாவது பெட்டி! துண்டுக்குள்ள நான் ரெண்டு வெரலுக்குமேல குடுக்கவே இல்லியே. பையன் மறுபேச்சு பேசாம ஒத்துக்கிட்டான். சந்தையில பழகுன கை இது!"

சாருடைய கை எந்த மாட்டையும் அப்படிப் பிடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். மீதியை அர்ச்சுனன் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பெண்ணுக்குப் பட்டுப்புடவை எடுத்துவந்தவன்போல் நின்றார்.

"டீச்சர், ஒவ்வொன்னும் தேடித் தேடி வாங்குனது. இனிமே இதுக்கு யாரையும் கூப்புட வேண்டியதே இல்லீங்க" என்றார்.

அழுவதா, அந்தக் கீபோர்டைத் தூக்கி அவர் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவர் திருப்தியாகப் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? மிஷின் கெடவே இல்லை. கோடை வந்து கரண்டு விளக்குத்திரி மாதிரி சிணுங்கியது, டைப்ரைட்டிங் அறையின் மின்விசிறியே நின்றுபோனது, மிஷின் ஓடியது. மழைக்காலத்தில் பிளாப்பிகளில் பூஞ்சைக் காளான் பூத்தது, மிஷினுக்கு ஒன்றும் இல்லை. லூர்துமேரி என்கிற மாணவி கீபோர்டில் டீயைக் கொட்டினாள். பாவம், பயந்து அழுதாள். அவளை நான் திட்டக்கூட இல்லை. உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். கவிழ்த்துக் காயவைத்ததும் அது முன்னைவிட நன்றாக 'டக் டக்' என்றது.

அடுத்த தெரு மிஷின் மாதம் இரண்டு தடவை படுத்தது. சேலத்திலிருந்து மெக்கானிக் வருவார், மத்தியானம்வரை உட்கார்ந்து டீ குடிப்பார், அந்த டீச்சரோடு சிரித்துப் பேசுவார். மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்துவைத்தவள் என்பேன் மனசுக்குள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். நன்றாக இருப்பதைக் கெடுத்துத் தரும் புனிதர் யாராவது இருந்தால் அவருக்கும் ஏற்றியிருப்பேன்.

அந்தக் கீபோர்டில் விரலை வைக்கும்போதெல்லாம் அவர் நினைப்பு. இது உன் விரலுக்காக என்று ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்த பொருள்மேல் தினமும் கை வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்க முடியாமல் இருப்பது என்ன வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஏங்கி ஏங்கி நெஞ்சு வலித்தது. வலித்தது என்று நிஜமாகவே சொல்கிறேன், பேச்சுக்கு இல்லை.

ஐப்பசி கடைசியில் பொறுமை போயிற்று. மாரண்டஹள்ளி பஸ் கண்டக்டர் பச்சியப்பனைப் பிடித்தேன்.

"அண்ணா, டிவி கடை அர்ச்சுனன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. மிஷின் நின்னு போச்சுன்னு."

காலையில் சொன்னேன். மத்தியானம் அவர் மாடியில் நின்றார். வியாழக்கிழமைகூட இல்லை, கடையை நடுவில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு கையிலும் பை. ஒன்றில் பவர் சப்ளை, ஒன்றில் டிரைவும் கேபிளும். மூச்சு வாங்கியது.

"என்னாச்சுங்க டீச்சர்? பொகை வந்துச்சுங்களா?"

"இல்ல."

அவர் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். மிஷின் சமர்த்தாக எழுந்தது. தலையைச் சாய்த்து ஹார்ட் டிஸ்க் சத்தத்தைக் கேட்டார். மூடியைக் கழற்றி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் பிள்ளைகள் டைப்ரைட்டரில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும்.

"ஒன்னும் ஆவலீங்களே," என்றார். "கண்டக்டரு நின்னு போச்சுன்னு சொன்னாரு."

"நின்னாத்தானே நீங்க வருவீங்க?"

அவர் கை அப்படியே நின்றது.

"உங்களுக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டேனுங்க."

"தெரியும். உங்க கைக்காசு போட்டதும் தெரியும். நான் கேட்டது மட்டமான மிஷினு. எதுக்குக் கேட்டேன்னு ஒரு தடவையாச்சும் யோசிச்சீங்களா?"

"எம்மேல நம்பிக்கை இல்லாம கேக்கறீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் நல்லதாப் பண்ணிக் காட்டணும்னு..."

"மட்டமா இருந்தா மாசத்துக்கு ஒருதரம் வருவீங்கன்னு கேட்டேன்." ஆனது ஆகட்டும் என்று மீதியையும் சொன்னேன். "எனக்கு உங்களைப் பாக்காம இருக்க முடியலிங்க."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். காது சிவந்துவிட்டது.

"நானும் வியாழக்கிழமையானா கெளம்பிடுவேங்க," என்றார், மிஷினைப் பார்த்தபடி. "சட்டை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன். தர்மபுரி பஸ்சு வரும், போவும். என்னா காரணம் சொல்லி இந்த மாடி ஏர்றதுன்னு தெரியாம வூட்டுக்குத் திரும்பிப் போயிடுவேன். இந்த மிஷினு ஒரு தரமாச்சும் கெடக்கூடாதான்னு நெனைப்பேன். நெனச்சுட்டு, சே, நம்ம வேலைய நாமே சபிக்கலாமான்னு இருக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம். சார் வந்துவிட்டார்.

"யாரு, அர்ச்சுனனா? என்னப்பா ஆச்சு? சந்தையில வாங்குன மாடு சரியில்லையா?"

மட்டமான பாகத்தை நல்லது என்றோ, நல்லதை மட்டம் என்றோ அர்ச்சுனன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அது எனக்குத் தெரியும். இந்த மிஷினைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சுவிட்சை அணைத்தார். குனிந்து, ஸ்குரூ டிரைவர் நுனியால் மெமரி வரிசையிலிருந்து சின்னதாக ஒன்றை நெம்பினார். பூரான் மாதிரி கால்கள் உள்ள கறுப்புச் சில்லு. அதைப் பஸ் டிக்கெட்டில் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பச் சுவிட்சைப் போட்டதும் மிஷின் தன் ஞாபகத்தை எண்ணிக்கொண்டே வந்து, ஐந்நூற்றுச் சொச்சத்தில் திக்கி நின்று, 'பீப்' என்று முனகியது. அது என்னிடம் வந்த நாளிலிருந்து முதல்முறையாக முனகியது.

"மெமரி சிப்பு ஒன்னு போயிடுச்சுங்க," என்றார் அர்ச்சுனன், சார் முகத்தைப் பார்க்காமல். "பாடம் நிக்காது. இந்த எஃப் ஒன்னு பொத்தான அமுத்துனா ஓடும். சிப்பு பெங்களூர்லதான் கெடைக்கும். வியாழக்கிழமை வாங்கியாந்து போட்டுர்றேன்."

"ஒரே தடவையில சரியாயிடுமா?"

"சொல்ல முடியாதுங்க. ஒன்னு போச்சுன்னா ஒன்னொன்னாப் போவும்."

"அடப்பாவி! இந்த மாதிரி உள்ள எத்தினி இருக்குது?"

அர்ச்சுனன் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். சாரை அல்ல, என்னைப் பார்த்தார்.

"முப்பத்தாறு இருக்குதுங்க."